கேப்பைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிடுவதில்லை: மருந்துத் துப்பாக்கியைப் பாதுகாப்பாக இறக்கும் முறை

இரவெல்லாம் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்துவிட்டு, ஒரு முறைகூடச் சுடாமல், விடியற்காலையில் வீடு திரும்புகிறவரின் தோளில் கிடக்கும் துப்பாக்கியைப் பற்றியது இந்தக் கட்டுரை. பேரையூர், சாப்டூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்திலும் அழகர்மலை, நத்தம் அடிவாரத்திலும் தகப்பன் காலத்து உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு, குழலின் வாய்வழியாக வெடிமருந்திட்டுக் கோலால் இடித்து இறுக்கிக் கிட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமப் புத்தகத்தில் அதை எஸ்.பி.எம்.எல். என்று குறிப்பிடுவார்கள், பேச்சில் மருந்துத் துப்பாக்கி என்போம். தோட்டாத் துப்பாக்கி என்றால் பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவை உருவி எடுத்துவிடலாம். இதில் உள்ளே போனதெல்லாம் போன வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனாலேயே இதை இறக்குவது, அதாவது உள்ளிருப்பதை எடுத்துக் காலியாக்குவது, கிட்டிப்பதைவிடக் கடினமான வேலை. கிட்டிக்கத் தெரிந்தவர்களில் பலர் இறக்கக் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. அந்த உரிமம் வேட்டைக்கான அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்கு வழியில்லாமல் செய்துவிட்டன. சாப்டூர்க் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. கடலையைக் கிளறும் பன்றியானாலும், நாற்றைக் கொத்தும் மயிலானாலும், சத்தத்தால் விரட்டுவதோடு நம் வேலை முடிந்தது. ஆகவே மருந்தை மட்டும் இட்டு, அதன்மேல் அடைப்பாகத் தக்கை வைத்திருப்பவர்களும் உண்டு. பழக்கத்தால் ரவை எனும் சிறு ஈயக்குண்டுகளையும் சேர்த்துக் கிட்டித்திருப்பவர்களும் உண்டு. இரண்டு வகையையும் ஒரே எச்சரிக்கையோடுதான் இறக்க வேண்டும். ரவை இல்லாத வெடியும் தக்கையையும் நெருப்பையும் கக்கும். அருகில் இருப்பவரின் கண்ணைப் பறிக்க அது போதும்.

விசையை இழுத்ததும் அடிபட்டுப் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடிதான் கேப்பு. அந்தக் கேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் துப்பாக்கி காலி என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அந்த எண்ணம் ஓர் உயிரைக் கேட்டிருக்கும். என் சித்தப்பா மாசி மாதம் காவல் முடிந்து வந்து, கேப்பை மட்டும் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை முளையில் மாட்டியிருந்தார். நான்கு மாதம் கழித்து அதைத் துடைக்க எடுத்த உறவினர் ஒருவர், கேப்பு உட்காரும் துளையுள்ள சிறு குழாயான நிப்பிளில் எண்ணெய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு கேப்பை மாட்டி விசையை இழுத்தார். குழல் மேல்நோக்கி இருந்ததால் ஓட்டுக்கூரையில் முறத்தளவு ஓட்டை விழுந்ததோடு போயிற்று. அதே திண்ணையில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தார்கள். அன்று ஐயா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "கேப்பு சொல்றதை நம்பாதடா, கோல் சொல்றதை மட்டும் நம்பு."

ஈரம் படாத கருமருந்துக்கு மூப்பு கிடையாது. 1780-இல் மூழ்கிய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கி நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் பொருளாக இருந்தது. 2013 ஜனவரியில் அதைச் சுத்தம் செய்தவர்கள், அதனுள் ஒரு குண்டும் தக்கையும் ஏறக்குறைய 800 கிராம் கருமருந்தும் அப்படியே இருப்பதைக் கண்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மருந்தே அப்படியென்றால், சுவரில் நான்கு மாதம் தொங்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கோலில் இடும் இரண்டு கோடுகள்

இறக்கும் வேலை உண்மையில் தொடங்குவது, துப்பாக்கி காலியாக இருக்கும் ஒரு நல்ல நாளில். நன்றாகக் கழுவி, காலிதான் என்று ஐயமின்றித் தெரிந்த குழலுக்குள், மருந்து கிட்டிக்கும் கோலை அடிவரை இறக்குங்கள். குழலின் வாய் விளிம்பு கோலில் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்தைச் சுற்றிக் கத்திமுனையால் மெல்லிய கோடு ஒன்றைக் கீறுங்கள். இது காலிக்கோடு. அடுத்த முறை வழக்கமான அளவில் மருந்தும் தக்கையும் ரவையும் கிட்டித்த பிறகு, கேப்பு வைப்பதற்கு முன், மீண்டும் கோலை இறக்கி வாய் விளிம்பில் இரண்டாவது கோட்டை இடுங்கள். இது கிட்டிப்புக்கோடு. கோலின் அடிமுனை தேய்ந்தாலோ, புதுக் கோல் செய்தாலோ கோடுகளையும் புதிதாக இட வேண்டும். பூசிய சாயம் எண்ணெயில் அழிந்துவிடும் என்பதால் கீறுவதே நல்லது.

இந்த இரண்டு கோடுகளும் மூன்று செய்திகளைத் தருகின்றன. காலிக்கோடு வாய் விளிம்போடு சேர்ந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கிட்டிப்புக்கோடு சேர்ந்தால் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கிட்டிப்புக்கோடும் விளிம்புக்கு மேலே நின்றால், ஒன்று கிட்டிப்பு முன்னுக்கு நகர்ந்திருக்கிறது, அல்லது ஒருவர் கிட்டித்ததன்மேல் இன்னொருவர் கிட்டித்திருக்கிறார், அல்லது குழலுக்குள் வேறு ஏதோ அடைத்திருக்கிறது. வாயைக் கீழாக வைத்து மொபெட்டில் வண்டிப்பாதை வழியே குலுங்கி வந்தால், தக்கை தளர்ந்து ரவை முன்னே சரிவது எளிது. மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வெற்றிடம் விழுந்த நிலையில் சுட்டால், குழல் அந்த இடத்தில் வீங்கும் அல்லது வெடிக்கும். இரட்டைக் கிட்டிப்பிலும் அதே ஆபத்துதான். சில மாதம் சும்மா கிடந்த குழலில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் நம் ஊரில் பார்க்கிறோம், அதுவும் அடைப்புத்தான். எனவே மூன்றாவது செய்தி கிடைத்தால் அந்தத் துப்பாக்கியைச் சுட்டு இறக்க நினைக்கவே கூடாது.

வயலை விட்டுக் கிளம்புமுன்

துப்பாக்கியை இறக்கும் இடம் வயல்தான். வீட்டுத் திண்ணையும் தொழுவமும் அதற்கு உரியவை அல்ல. ஆள் நடமாட்டம் இல்லாத திசையில் மண்மேட்டை நோக்கிக் குழலை வைத்துக்கொண்டு, முதலில் கேப்பை எடுக்க வேண்டும். கேப்பை அடிக்கும் சுத்தியலான குதிரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, விசையின் பக்கம் விரல் போகாமல், அரைநிலைக்குப் பின்னிழுங்கள். நம்மிடம் உள்ள துப்பாக்கிகளில் பல இரண்டு மூன்று தலைமுறை கைமாறியவை. அவற்றின் அரைநிலைப் பல் தேய்ந்து குதிரை நழுவக்கூடும் என்பதால், அது தானாக நிற்கும் என்று நம்பிக் கட்டைவிரலை எடுத்துவிடக் கூடாது. மறுகையால் கேப்பைக் கழற்றி, மூடியுள்ள தனி டப்பாவில் போடுங்கள்; சட்டைப்பையில் தீப்பெட்டியோடு சேர்த்துப் போடாதீர்கள். நிப்பிளின் மேல் கேப்பின் பொடி ஒட்டியிருக்கலாம் என்பதால் ஈரத்துணியால் அதை ஒற்றித் துடைத்துவிட்டு, மடித்த தோல்துண்டு ஒன்றை நிப்பிளின்மேல் வைத்துக் குதிரையை மெதுவாக அதன்மேல் இறக்குங்கள். இதன்பின் கோலை இறக்கிக் கோட்டைப் பாருங்கள். கோலை விடும்போதும் எடுக்கும்போதும் முகமோ மார்போ குழலின் வாய்க்கு நேரே வரக் கூடாது. கோலை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காமல் இரண்டு விரல் நுனிகளால் பிடித்துப் பழகுங்கள்.

கிட்டிப்பு சரியான இடத்தில் இருக்கிறது, மருந்து நனையவில்லை, உரிமத்தில் குறித்த நிலத்துக்குள் சுட்டு இறக்கத் தக்க மண்மேடு இருக்கிறது என்றால், சுட்டு இறக்குவதே எல்லா முறைகளிலும் எளியது. மண்மேட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. மேலூர்ப் பக்கத்துக் கல்லாங்காட்டில் பாறையை நோக்கிச் சுட்டால் ரவை தெறித்துத் திரும்பும். பனைமரத்தின் வைரமும் குண்டைத் திருப்பிவிடும். தண்ணீரின் மேற்பரப்பிலும் அது துள்ளிப் போகும். கண்மாய்க்கரை மண்ணால் ஆனதுதான் என்றாலும், கரைக்கு அப்பால் ஆடு மேய்ப்பவரும் குளிக்க வந்தவரும் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்குக் குறையாமல், கல் கலவாமல் குவித்த கரிசல் மண்ணோ செம்மண்ணோ ஏற்றது. வானத்தை நோக்கிச் சுடுவது பெரிய பிழை. மேலே போன குண்டு எங்கே விழும் என்பதைச் சுட்டவரால் சொல்ல முடியாது. இருட்டிலும் இறக்க வேண்டாம். விடிந்த பிறகு, பால்காரரும் களையெடுக்கப் போகும் பெண்களும் வரப்பில் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து, புதுக் கேப்பு வைத்து, கட்டையைத் தோளில் நன்றாகப் பதித்துச் சுடுங்கள். கண்ணாடி அணிவது நல்லது, ஏனெனில் கேப்பின் சில்லு பக்கவாட்டில் தெறிக்கும்.

கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்கவில்லை என்றால், அப்போதுதான் பொறுமை வேண்டும். உள்ளே கனன்று கொண்டிருக்கும் மருந்து சில விநாடி கழித்தும் வெடிக்கலாம். குழலை அதே மண்மேட்டை நோக்கியபடியே வைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். வாய்வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பவரைத்தான் இந்தத் துப்பாக்கி பலிகொள்கிறது. பிறகு பழைய கேப்பை நீக்கி, நிப்பிளின் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டுப் புதுக் கேப்பு வையுங்கள். இரண்டு முறை முயன்றும் பிடிக்காவிட்டால் மருந்து நனைந்திருக்கிறது என்று கொண்டு, சுடும் எண்ணத்தைக் கைவிட்டு, வாங்கி எடுக்கும் முறைக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரும்பாலும் இப்படித்தான் நேரும்.

சுடாமல் வாங்கி எடுப்பது

சுட்டு இறக்க இடமில்லாதபோதும், கிட்டிப்பு நகர்ந்திருக்கும்போதும், மருந்து நனைந்துவிட்டபோதும் உள்ளிருப்பதைக் கோல் கொண்டு வாங்கி எடுக்க வேண்டும். இதற்குமுன் செய்தே ஆக வேண்டிய வேலை மருந்தைச் சாகடிப்பது. எண்ணெய் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. எண்ணெய் பட்ட மருந்து பல நேரம் வெடித்தே விடுகிறது. தண்ணீர்தான் வேண்டும். நிப்பிளைச் சாவியால் கழற்ற முடிந்தால் கழற்றி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் அந்தத் துளை வழியே தண்ணீரைப் பல முறை செலுத்துங்கள். கருமருந்தில் உள்ள வெடியுப்பு தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால், கறுப்பு நீர் அந்தத் துளை வழியே திரும்பி வடியத் தொடங்கும். நிப்பிள் துருவேறி அசையவில்லை என்றால் கம்பியும் சுத்தியலும் கொண்டு போராடாமல், வாய்வழியாகத் தண்ணீர் நிரப்பி, துப்பாக்கியை நிமிர்த்திச் சாய்த்துவைத்து, ஓர் இரவு முழுதும் ஊறவிடுங்கள். மேல்தக்கை இறுகியிருந்தால் தண்ணீர் இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும். நனைந்த மருந்து காய்ந்தால் மீண்டும் தீப்பற்றக்கூடும். ஆகையால் ஊறவைத்த வேலையை மறுநாளுக்கு மறுநாள் என்று தள்ளாமல் ஈரத்தோடேயே முடித்துவிட வேண்டும்.

அடுத்து, துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இழுக்காமல், கனமான பலகையிலோ வண்டிச்சட்டத்திலோ கயிற்றால் கட்டி, வாய் மண்மேட்டைப் பார்க்குமாறு வையுங்கள். குழலுக்குப் பக்கவாட்டில் நின்றே வேலை செய்ய வேண்டும். கோலின் முனையில் திருகிப் பொருத்தும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. தக்கையையும் துணியையும் பற்றுவதற்குப் பன்றிவால் போலச் சுருண்ட இரட்டைக் கம்பி. ஈயக்குண்டைப் பற்றுவதற்கு மரத்திருகாணி போன்ற கூர்முனை. ரவைக் கிட்டிப்புக்கு முதல்வகை போதும். மேல்தக்கைவரை கோலை இறக்கி, வலப்பக்கமாக மெல்லத் திருகி, பிடித்ததும் நேராக இழுங்கள். தேங்காய்நார்த் தக்கை ஒரே இழுப்பில் வராது, பிய்ந்து பிய்ந்துதான் வரும். ஐந்தாறு முறை திருகியும் பொறுமை இழக்காதீர்கள். மேல்தக்கை வந்ததும் வாயைத் தாழ்த்தினால் ரவை தானாகவே கொட்டும். அதன்பின் மருந்தின்மேல் உள்ள தக்கை, கடைசியாகக் கறுப்புச் சேறு. இந்தச் சேறு முழுதும் வந்துவிட்டது என்று கோலின் காலிக்கோடு சொல்லும்வரை வேலை முடியவில்லை.

உருண்டையான ஒற்றைக்குண்டு இட்டிருந்தால் வேலை கடினம். குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிய ரைபிளானால் இன்னும் கடினம், ஏனெனில் துணி சுற்றிய குண்டை அந்த வரிகள் நன்றாகக் கவ்வியிருக்கும். திருகாணிமுனை குண்டின் நடுவில் பதிய வேண்டும். ஓரத்தில் பதிந்தால் ஈயம் பக்கவாட்டில் விரிந்து மேலும் இறுகும். பித்தளைக் கோலோ, வைரம் பாய்ந்த மரக்கோலோ பயன்படுத்துங்கள். இரும்புக் கோல் இரும்புக் குழலில் உரசுவதை மருந்து இருக்கும் இடத்தில் தவிர்ப்பது நல்லது. விரிசல் விட்ட மரக்கோல் முறிந்தால் அதன் சிலாம்பு உள்ளங்கையைத் துளைத்துவிடும்.

இப்படியும் வராத குண்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிப்பிளைக் கழற்றிவிட்டு, அதே மரைக்குப் பொருந்தும் கிரீஸ் நிப்பிளை அந்த இடத்தில் மாட்டி, டிராக்டருக்குக் கிரீஸ் அடிக்கும் கையழுத்தக் கருவியால் கிரீஸைச் செலுத்தினால், அது பின்னிருந்து தள்ளிக் குண்டை மெல்ல வாய்வரை கொண்டுவந்துவிடும். குண்டு பாயாமல் நகர்ந்து வருவதே இந்த முறையின் சிறப்பு. மருந்தை முன்பே நனைத்திருக்க வேண்டும். மரை சரியாகப் பொருந்தாவிட்டால் முயலவே கூடாது. கிரீஸைப் பிறகு மண்ணெண்ணெயால் கழுவி எடுக்க வெகுநேரம் ஆகும். பஞ்சர் கடைக் காற்றை நிப்பிள் வழியே அடித்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில். அளவில்லாத காற்றழுத்தம் குண்டை எறிந்துவிடும். வெளிநாடுகளில் இதற்கென்றே சிறு வாயுக்குப்பியோடு கூடிய கருவி விற்கிறார்கள். அதையும் மண்மேட்டை நோக்கி வைத்துத்தான் இயக்கச் சொல்கிறார்கள்.

எந்த நிலையிலும் குழலின் அடிப்பகுதியைச் சூடு காட்டக் கூடாது. குழலின் பின்முனையை மூடும் அடித்திருகு துருவேறினால் அதைக் கழற்றுவதற்காகக் கொல்லன் உலையில் வைப்பதோ, வெல்டிங் பட்டறையில் நெருப்புக் காட்டுவதோ, துளையிடும் இயந்திரத்தை வைப்பதோ, உள்ளே மருந்து இருக்கும் துப்பாக்கியை வெடிகுண்டாக்குவதற்குச் சமம். உங்களால் இறக்க முடியாத துப்பாக்கியைக் கேப்பு இல்லாமல், தண்ணீர் ஊற்றிய நிலையில், வாயில் சிவப்புத் துணி கட்டி, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பித்து, "உள்ளே கிட்டிப்பு இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கே சட்டப்படி மருந்துத் துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய பருவத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் புதுவகை ரைபிளில் அடித்திருகு கையாலேயே கழலும். பற்றவைக்கும் கேப்பை முதலில் நீக்கி, அடித்திருகைக் கழற்றி, மருந்தை வெளியே எடுத்துவிட்டுக் கோலால் குண்டைத் தள்ளிவிடலாம். அவர்களுக்கும் கோலில் கோடு தேவைதான்.

இறக்கிய பிறகு

வெளியே எடுத்த மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடுப்புக்கும் கிணற்றுக்கும் தொலைவில் மண்ணில் ஊற்றுங்கள். காயவைத்து மீண்டும் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம்; குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம். சுட்டு இறக்கியிருந்தால் அன்றே குழலைக் கழுவ வேண்டும். எரிந்த மருந்தின் சாம்பல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு நாளிலேயே இரும்பை அரிக்கத் தொடங்கும். எண்ணெய் மட்டும் விட்டால் அந்தச் சாம்பல் போகாது. சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து, கோலால் மேலும் கீழும் இழுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். நிப்பிளைத் தனியே கழுவி மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்து, கோலில் காலிக்கோடு விளிம்போடு சேர்வதைப் பார்த்தபின், துளை திறந்திருக்கிறதா என்று அறியப் பழைய முறை ஒன்று உண்டு. வயலில், மண்மேட்டை நோக்கி, குழலின் வாயருகே ஒரு புல்லிதழ் இருக்குமாறு வைத்து, வெறும் கேப்பு ஒன்றை வெடித்தால் புல் அசையும். என் உறவினர் திண்ணையில் செய்ததும் இதே சோதனைதான். கோலை விட்டுப் பார்க்காமல் செய்தார்.

வீட்டில் வைக்கும்போது, குழலின் வாயில் நீண்ட மரச்செருகு ஒன்றை இட்டு அதன் தலையில் வெள்ளைத் துணி கட்டிவைப்பது எங்கள் வழக்கம். காலியென்று கோல் சொன்ன துப்பாக்கிக்கு மட்டுமே அந்தத் துணி. மருந்தும் கேப்பும் வேறு வேறு பூட்டில் இருக்கட்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி அரிவாளோடும் கலப்பையோடும் வரிசையில் வைப்பதற்குமுன் ஒரு முறை கோலை விட்டுப் பாருங்கள். அன்றைக்கு வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கொண்டுபோகும்போது கோலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ரசீது எழுதும் காவலர் தோட்டாத் துப்பாக்கியில் பயிற்சி பெற்றவராக இருப்பார், இந்தக் குழலின் வழக்கம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் முன்னாலேயே வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கோலை இறக்கி, காலிக்கோடு விளிம்பில் நிற்பதைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.